நிற்காத மோட்டார்

மன்னார்குடிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டில், போர்வெல் மோட்டாரையும் வாசல் விளக்கையும் கைப்பேசியிலிருந்தே இயக்கும்படி சென்ற ஆண்டு அமைத்தேன். சித்திரையில் ஒரு நள்ளிரவு, போன கரண்ட் திரும்பி வந்ததும் மோட்டார் தானாகவே ஓடத் தொடங்கியது. தொட்டி வழியும் சத்தம் கேட்டுத்தான் அம்மா விழித்தார். மின்சாரம் போகும்முன் இருந்த நிலைக்கே திரும்பும்படி, கைப்பேசிக் கட்டளையில் இயங்கும் அந்த ஸ்விட்ச் அமைக்கப்பட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

அதன்பிறகே பழுது மரம் வரைந்தேன். 1962இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மினிட்மேன் ஏவுகணைக்காக உருவான இம்முறையில், நடக்கவே கூடாததை உச்சியில் எழுதி, அதற்கான காரணங்களைக் கீழ்நோக்கிக் கிளைபிரிக்க வேண்டும். 'தண்ணீரில்லாத போர்வெல்லில் மோட்டார் ஓடுதல்' என்று உச்சியில் எழுதினேன்.

என்னை மிகவும் கலங்கவைத்தது ரிலே என்ற கிளை. கைப்பேசிக் கட்டளைப்படி மின்சுற்றை இணைத்துத் துண்டிக்கும் ஸ்விட்ச்தான் ரிலே. சிறிய நீல ரிலேயின்மேல் 10 ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பது ஹீட்டர் போன்ற சுமைக்கான அளவு. மோட்டாரோ கிளம்பும் கணத்தில், ஓடும்போது எடுப்பதைப்போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அப்போது எழும் தீப்பொறியில் ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டால், கைப்பேசியில் எத்தனை முறை அணைத்தாலும் மோட்டார் நிற்காது. திரையில் மட்டும் அணைந்துவிட்டதாகவே தெரியும். நிற்காததைவிட இந்தப் பொய்த் தகவலே ஆபத்தானது என்பேன். ஆகவே ரிலே இப்போது, மோட்டார் சுமையைத் தாங்கும் பெரிய ஸ்விட்சான கான்டாக்டரை மட்டுமே இயக்குகிறது. வறண்டு ஓடும்போது மின்னோட்டம் குறைவதை உணர்ந்து துண்டிக்கும் கருவி, கைப்பேசிக் கட்டளையை ஏற்கும் கட்டுப்பாட்டுப் பலகையைச் சாராமல் தனியே நிற்கிறது. மின்கசிவை உணர்ந்து துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி முன்பே இருந்தது.

மின்சாரம், ரவுட்டர், இணையம், தொலைவிலுள்ள சர்வர், பலகை ஆகிய ஐந்தும் ஒரே சங்கிலியில் வருகின்றன. ஒவ்வொன்றும் நூற்றுக்கு 99 பங்கு நேரம் சரியாக இருந்தாலும், பெருக்கிப் பார்த்தால் 95 பங்குதான் தேறும். ஆண்டுக்கு ஏறத்தாழ 18 நாள் கைப்பேசிக் கட்டளை போய்ச் சேராது. அதுவும், ஒன்றன் பழுது மற்றொன்றைத் தொடாது என்று கொண்டால்தான். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரைகடந்தபோது கம்பங்கள் சாய்ந்து, மின்சாரமும் கைப்பேசி இணைப்பும் சேர்ந்தே போனதை டெல்டாவில் நாங்கள் பார்த்திருக்கிறோம்.

சுவரில் இருந்த பழைய ஸ்விட்சை எடுக்கவில்லை. மாதம் ஒருமுறை ரவுட்டரை அணைத்துவிட்டு, அப்பா அதிலேயே மோட்டாரைப் போட்டு நிறுத்திப் பார்க்கிறார்.