பிளாஸ்டிக் ஸ்லீப்பரில் துளை போடுவதற்கு முன்

எண்ணெய் கேனையும் ஷாம்பு பாட்டிலையும் உருக்கி வார்த்த ஸ்லீப்பர், அதாவது தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் கட்டை, என்றதும் ரயிலின் பாரத்தில் உடைந்துவிடாதா என்றுதான் முதலில் கேட்பார்கள். உடைவது அபூர்வம். அது வளையும், வெயிலில் நீளும். கவனிக்க வேண்டியது இவை இரண்டையும்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் அகலப்பாதையின் கேஜ், அதாவது இரு தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம், 1676 மி.மீ. எதுவும் கலக்காத எச்.டி.பி.ஈ. (கேன், பாட்டில் செய்யும் கெட்டிப் பாலிஎதிலீன்) பிளாஸ்டிக், ஒரு டிகிரி சூட்டுக்கு மீட்டருக்குச் சுமார் 0.12 மி.மீ. நீளும். விடியற்காலை 15 டிகிரியில் இருந்த கறுப்புக் கட்டை உச்சிவெயிலில் 60 டிகிரிக்கு ஏறினால், இரு தண்டவாளங்களுக்கு நடுவில் மட்டும் 9 மி.மீ. கூடிவிடும். கான்கிரீட்டில் இது ஒரு மில்லிமீட்டரைத் தொடாது. கண்ணாடி இழை கலப்பதும், உள்ளே கம்பி வைப்பதும் இதற்காகத்தான். வளைவுகளில் இன்னும் கவனம் தேவை. சக்கரம் பக்கவாட்டில் தள்ளத் தள்ள, சூட்டில் இளகிய பிளாஸ்டிக் மெல்ல நகர்ந்து கொடுக்கும். பிறகு பழைய இடத்துக்கு முழுதாகத் திரும்பாது.

அப்படியானால் எங்கே போடலாம்? இரும்பு கர்டர் (உத்திரம்) பாலம்தான் இதற்குப் பொருத்தமான இடம். கான்கிரீட் கட்டையின் எடையும் விறைப்பும் அங்கே ஒத்துவராது. மரமோ மழையில் உளுத்துப்போகும். பிரிட்டனின் வில்ட்ஷயரில் ஷெரிங்டன் பாலத்தில் 2021இல் மரக்கட்டைகளை எடுத்துவிட்டு மறுசுழற்சி பிளாஸ்டிக் கட்டைகளைப் பதித்தார்கள். மரத்தைப் போலவே அறுக்கலாம், ரிவெட் தலைக்கு இடம் விட்டுச் செதுக்கலாம். மின்சாரம் பாயாததால் டிராக் சர்க்யூட்டுக்கும் (தண்டவாளத்தில் மின்சாரம் விட்டு, ரயில் நிற்பதை சிக்னலுக்குக் காட்டும் ஏற்பாடு) தொல்லை இல்லை.

வேலை கெடுவது பெரும்பாலும் துளை போடும்போதுதான். மரம் என்று நினைத்து டிரில்லை வேகமாக ஓட்டினால் பிளாஸ்டிக் உருகி பிட்டில் சுற்றிக்கொள்ளும். துளையின் சுவர் கண்ணாடி போல வழவழப்பாகிவிட்டால் திருகு பிடிக்காது. வேகத்தைக் குறையுங்கள். நடுநடுவே பிட்டை வெளியே எடுத்து சீவலைத் தட்டிவிடுங்கள். துளையின் விட்டத்துக்குத் தயாரிப்பாளர் தந்த அளவே அளவு, கண்மதிப்பு வேண்டாம். ஆணியைச் சுத்தியலால் அடித்து இறக்கவே கூடாது. அடியில் தார்ப்பாய் கட்டாவிட்டால் சீவல் முழுக்க ஆற்றில்தான் விழும். குப்பையைக் குறைக்க வந்த பொருள், அதுவே குப்பை போட்டால் எப்படி?

சரக்கு வந்து இறங்கியதும் ஒரு கட்டையைக் குறுக்கே அறுத்துப் பார்ப்பது நல்லது. தடித்த வார்ப்பு வெளியே முதலில் இறுகி, நடுப்பகுதி பிறகு சுருங்குவதால் உள்ளே பொள்ளல் விழும். திருகு இறங்கும் இடத்தில் பொள்ளல் இருந்தால் அந்த லாட்டையே திருப்பி அனுப்புங்கள்.

ஜல்லிப் பாதையில் போடுவதானால் அடிப்பாகம் வழவழப்பாக இருக்கக் கூடாது. பள்ளமோ வரியோ இருந்தால்தான் ஜல்லி கவ்வும். கான்கிரீட் கட்டைகளுக்கு நடுவில் ஒன்றிரண்டை மட்டும் செருகினால், பிளாஸ்டிக் கட்டை அமுங்கி, பாரம் முழுவதும் பக்கத்துக் கட்டைகள் தலையில் விழும். போட்டால் ஒரு நீளம் முழுக்க ஒரே வகையாகப் போடுங்கள். தெர்மிட் வெல்டிங் (உருகிய இரும்பை ஊற்றித் தண்டவாளங்களை இணைப்பது) நடக்கும் இடத்தில் பக்கத்துக் கட்டைகளின் மேல் ஈர மணலோ தகரமோ போட்டு மூடுங்கள். உருகிய கசடு ஒரு சொட்டு விழுந்தாலும் குழி விழும்.