ஸ்கோர் நோட்டு

எங்கள் கிரிக்கெட் கிளப்பின் வரலாற்றை எழுத உட்கார்ந்தேன். கையில் இருப்பது நான்கு பழைய ஸ்கோர் நோட்டுகள். பென்சில் எழுத்து மங்கிவிட்டது. பாதி ஆட்டங்களுக்குத் தேதி இல்லை. 'குமார் 43' என்று இருக்கிறது, எந்தக் குமார்? மனசு கனத்துப்போனது.

இங்கிலாந்தில் ஹாம்பிள்டன் ஒரு சின்ன கிராமம். 1777-ல் அந்த ஊர் கிரிக்கெட் கிளப்பின் ஜேம்ஸ் அய்ல்வர்ட், இங்கிலாந்து அணிக்கு எதிராக 167 ரன் எடுத்தார். இன்றும் அது நமக்குத் தெரிகிறதென்றால், அன்று யாரோ பொறுமையாகக் குறித்து வைத்ததால்தான். அதற்கு ஆறு வருஷம் முன்பு தாமஸ் ஒயிட் என்பவர் ஸ்டம்பையே மறைக்கிற அகல மட்டையோடு அவர்களிடம் ஆட வந்தார். ஹாம்பிள்டன்காரர்கள் வாய்ச்சண்டையோடு விடவில்லை, எதிர்ப்பை எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள். மட்டையின் அகலம் நாலேகால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி அப்படி வந்ததுதான். இன்றைக்கும் அதே அளவு!

நம் கிளப்பில் ஆடிய அண்ணன்களே, பழைய போட்டோ இருந்தால் அனுப்புங்கள். நிற்பவர்கள் பெயரை இடமிருந்து வலமாக எழுதுங்கள். இப்போது ஸ்கோர் போடும் தம்பிகளே, முழுப் பெயரையும் ஆண்டையும் மறக்காமல் எழுதுங்கள். பேனாவால்.