விளம்பர இடைவேளையில் விழும் விமானம்

போர் விமான சிமுலேட்டர், அதாவது கணினியில் நிஜம் போலவே விமானம் ஓட்டும் விளையாட்டு, ஓட்டுகிற யாரையாவது பிடித்து, "நேத்து எத்தனை விமானத்தைச் சுட்டீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். அசடு வழிவார். பாதி ராத்திரி செட்டிங்ஸிலேயே கழிந்திருக்கும். மீதிப் பாதி விமானத்தை ஸ்டார்ட் செய்வதில் போயிருக்கும்.

ஸ்டார்ட் என்றால் சாவியைத் திருகுகிற சமாசாரம் இல்லை. எஃப்-16 போர் விமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பேட்டரி, மெயின் பவர். பிறகு ஜெட் ஃப்யூயல் ஸ்டார்ட்டர் என்கிற குட்டி என்ஜினை முடுக்கிவிட வேண்டும். அது பெரிய என்ஜினைச் சுற்றிவிடும். சுழற்சி 20 சதவீதத்தைத் தொட்டதும் த்ராட்டிலை, அதாவது என்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலை, ஐடில் என்கிற மிகக் குறைந்த வேகத்துக்குக் கொண்டுவந்தால்தான் பற்றிக்கொள்ளும். அப்புறம் ஐஎன்எஸ் என்கிற வழிகாட்டும் கருவியைச் சரிசெய்யும் அலைன்மென்ட். பூமி சுழல்வதை வைத்தே, நாம் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறோம் என்று விமானம் கணக்குப் போட்டுக்கொள்ளும். ஏறக்குறைய 8 நிமிடம். அதுவரை இம்மி நகரக் கூடாது. ஒன்றரை நிமிடத்தில் முடிக்கக் குறுக்கு வழி உண்டு, ஆனால் முறைப்படி செய்தால்தான் மனசு ஆறும். அந்த 8 நிமிடத்தில் நான் வெங்காயம் உரித்துக் கொடுத்துவிடுவேன். விமானம் நகராமல் நிற்கிறவரை வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

இந்தக் கிறுக்கு இன்று நேற்று வந்ததில்லை. 1998இல் வந்த ஃபால்கன் 4.0 விளையாட்டுக்குக் கொடுத்த கையேடு, வளையம் போட்ட ஃபைலில் கோத்த பல நூறு பக்கத் தடிமன். பரீட்சைக்குப் படிக்காதவர்கள் எல்லாம் அதை அடிக்கோடு போட்டுப் படித்தார்கள். 2000இல் அதன் மூல நிரல் வெளியே கசிந்துவிட, ஆர்வலர்கள் ஆளுக்கொரு பக்கம் ஒட்டுப்போட்டு இன்றுவரை உயிரோடு வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஜாதி இது. நான் அதில் கடைசி வரிசைக்காரன்.

என் கதை தலையைப் பற்றியது.

வானத்தில் சண்டை என்றால் கழுத்துதான் முக்கியம். எதிரி பின்னாலும் மேலேயும்தான் இருப்பான். திரையில் அதைப் பார்க்க, நம் தலை அசைவைக் கணினிக்குச் சொல்ல ஒரு ஏற்பாடு வேண்டும். கடையில் வாங்கினால் விலை எகிறும் என்று நானே செய்துகொண்டேன். பழைய வெப்கேமராவைப் பிரித்து, உள்ளே இருக்கும் அகச்சிவப்புத் தடுப்புக் கண்ணாடியைக் கழற்றி எறிய வேண்டும். அந்த இடத்தில் ஃபிலிம் சுருளின் கருத்த நுனியை வெட்டி ஒட்டினால், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை அது மறைத்துவிடும், அகச்சிவப்பை மட்டும் உள்ளே விடும். ஃபிலிமுக்கு எங்கே போவது? மனைவியின் காதுகுத்துக் கல்யாண நெகட்டிவ் பரணில் இருந்தது. படம் இல்லாத நுனிதான் என்று சத்தியம் செய்து, கத்தரிக்கோலை அவள் கையிலேயே கொடுத்து வெட்டச் சொன்னேன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய மூன்று அகச்சிவப்பு எல்இடிகளைக் குச்சியில் கட்டித் தொப்பியில் செருகியாயிற்று. கேமரா அந்த மூன்று புள்ளிகளைப் பார்க்கும், மென்பொருள் தலையின் கோணத்தைக் கணக்கிடும். தலையை லேசாகத் திருப்பினால் போதும், உள்ளே இருக்கும் விமானி தோளுக்குப் பின்னால் பார்த்துவிடுவான். அந்தத் தொப்பியோடு ஒருநாள் கதவைத் திறந்தேன். கூரியர் பையன் ஓடிபி கேட்காமலே பார்சலைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கிவிட்டான்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு மாலை, வானில் எரிபொருள் நிரப்பிக்கொண்டிருந்தபோது விமானியின் தலை வெடுக்கென்று இடப்பக்கம் திரும்பியது.

வானில் எரிபொருள் நிரப்புவது எப்படியென்றால், கேசி-135 என்கிற எரிபொருள் விமானத்தின், அதாவது டேங்கரின், வயிற்றுக்கு அடியில் போய் ஒட்டி நிற்க வேண்டும். நம் எரிபொருள் வாய் முதுகில், விமானிக்குப் பின்னால் இருக்கிறது, நமக்குத் தெரியாது. டேங்கரின் அடிவயிற்றில் இரண்டு வரிசை விளக்குகள் எரியும். ஒன்று மேலே வா, கீழே போ என்னும். இன்னொன்று முன்னே, பின்னே என்னும். அவற்றைப் பார்த்தபடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஜாய்ஸ்டிக்கை மயிரிழை மயிரிழையாக அசைக்க வேண்டும். குழாய் செருகி "கான்டாக்ட்" என்ற குரல் வந்த நொடியில் நான் என் இடது இறக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றால்? விளக்கு எங்கே என்று கண் தேட, கை பதற, டேங்கரும் நானும் சேர்ந்தே இறங்கினோம்.

மறுநாளும் அப்படியே. எதிரி ஒருத்தன்கூட இல்லாத வானத்தில் தினம் ஒரு எஃப்-16 காலி.

நண்பர்கள் குழுவில் கேட்டேன். அங்கே மருந்து எழுதிக் கொடுக்க ஆளுக்குப் பஞ்சமே இல்லை. திரையில் படம் தீட்ட உதவும் ஷேடர் கோப்புகள் கிடக்கும் ஃபோல்டரை அழி என்றார் ஒருவர். எந்த வியாதிக்கும் அவர் இதைத்தான் சொல்வார். விண்டோஸ் மின்சாரம் மிச்சம் பிடிக்க யூஎஸ்பி போர்ட்டை உறங்க வைத்துவிடும், அதை நிறுத்து என்றார் இன்னொருவர். அது நியாயமான சந்தேகம்தான், நிறுத்தினேன், ஒன்றும் மாறவில்லை. மூன்றாமவர் ஜாய்ஸ்டிக்கைப் பிரிக்கச் சொன்னார். உள்ளே கைப்பிடியின் சாய்வை அளக்கும் பொட்டென்ஷியோமீட்டரில் தூசி சேர்ந்தால் விமானம் தானாக ஒருபக்கம் சாயும், பழைய ரேடியோவில் வால்யூமைத் திருகினால் கரகரக்குமே, அதே கோளாறு. ஆனால் இங்கே சாய்வது விமானம் இல்லை, தலை என்று நான் சொல்லச் சொல்ல, "எதுக்கும் கிளீனர் அடிச்சுப் பாருங்க ஜி" என்றார். அடித்தேன். ஹால் முழுக்க நெடி. அவ்வளவுதான் பலன்.

"எப்ப ஆரம்பிச்சுது? அந்த வாரம் புதுசா என்ன மாறிச்சு?" என்று கேட்டவர்தான் விவரமானவர். யோசித்தேன். அந்த வாரம் வீட்டில் மாறியது ஒன்றே ஒன்று. மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தார்.

இதை, குழுவோடு பேசும் மைக்கில் சத்தமாகச் சொல்லிவிட்டேன். "அத்தை வந்ததுலேருந்துதான் எல்லாம் கவிழுது." சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. அடுத்த ஒரு மணி நேரம் நான் எந்த விமானத்தையும் தொடவில்லை.

ஆனால் துப்பு சரியான துப்பு. அன்று இரவு சிமுலேட்டரைத் திறக்காமல், தலை அசைவு மென்பொருளின் சின்ன ஜன்னலை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கறுப்புத் திரையில் மூன்று வெள்ளைப் புள்ளிகள், என் தொப்பி. தலையை ஆட்டினால் அவையும் ஆடின. பின்னால் சோபாவில் அத்தை சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். கதாநாயகி மயங்கி விழுந்தாள், விளம்பரம் வந்தது. திரையின் ஓரத்தில், என் காதுக்கு மேலே, நாலாவதாக ஒரு புள்ளி மினுக் மினுக் என்று எரிந்தது. சோப்பு விளம்பரம் போய்ப் பக்திப் பாட்டு கேட்டது. மறுபடி மினுக். செய்தி.

ரிமோட்!

எங்கள் ஹாலில் டிவியும் கணினி மேசையும் ஒரே சுவரில், பக்கத்துப் பக்கத்தில். நாங்கள் இருவரும் போனிலேயே பார்த்துக்கொள்கிறவர்கள் என்பதால் அந்த டிவி தூங்கிக்கொண்டிருந்தது. அத்தை ரிமோட்டை டிவியை நோக்கி அமுக்கினால், அது என் கேமராவை நோக்கியும்தான். ரிமோட் அனுப்புவதும் அகச்சிவப்பு ஒளியே. மூன்றில் ஒன்று இதுதான் போலிருக்கிறது என்று மென்பொருள் குழம்பி, விமானியின் கழுத்தைத் திருகியிருக்கிறது. நிரூபிக்க, ரிமோட்டைப் போனின் முன்பக்கக் கேமராவுக்குக் காட்டி அமுக்கினேன். ஊதா வெளிச்சம் துடித்தது. மனைவியை அழைத்துக் காட்டினேன். "ஆக, எங்கம்மா மேல தப்பில்லை, ரிமோட் மேலதான்" என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் போனாள்.

அத்தைக்குத்தான் சங்கடம். "என்னால உங்க பிளேன் விழுதா மாப்பிள்ளை? நான் வேணா சீரியலை விட்டுடறேன்." ஐயோ, வேண்டாம். அகச்சிவப்பு சுவரில் பட்டுத் திரும்பும் என்பதால், "எதிர்ச் சுவரைப் பார்த்து அமுக்குங்க அத்தை" என்றேன். அமுக்கினார். முதுகுக்குப் பின்னால் சேனல் மாறியது. அன்று முழுக்க சுவர், கூரை, பீரோ கண்ணாடி என்று எல்லாவற்றையும் குறிபார்த்து மாற்றிக்கொண்டிருந்தார். நான் எஃப்-16 ஓட்டுவதைவிட அவர் ரசித்தது அதிகம்.

பழக்கதோஷத்தில் சில நேரம் ரிமோட் நேராகவே வந்துவிடும். அதனால் அத்தையே ஒரு முறை வகுத்துக்கொண்டார். விளம்பரம் வந்ததும், "மாப்பிள்ளை, மாத்தட்டுமா?" என்பார். "இருங்க அத்தை, டேங்க் நிரம்பட்டும்" என்பேன். காத்திருப்பார். எனக்குக் கிடைத்த கன்ட்ரோல் டவர்களிலேயே பொறுமையானது.

போன வாரம் தரையிறங்கிக்கொண்டிருந்தேன். சக்கரம் கீழே, மூக்கு கொஞ்சம் ஏற்றத்தில், ஓடுபாதை நேர் எதிரே. தலை வெடுக்கென்று திரும்பியது. டிவி ஓடவில்லை. அத்தை உள்ளே தூங்குகிறார். தொப்பியோடு திரும்பிப் பார்த்தால், சமையலறை வாசலில் மனைவி, கையில் ரிமோட்.

"கறிவேப்பிலை இல்லைன்னு எத்தனை தடவை கூப்பிடறது? காதுல விழமாட்டேங்குது. இதை அமுக்கினா உடனே விழுது."