டேக் விழும்வரை

பிப்ரவரி 3
எங்கள் மென்பொருளின் அடுத்த பதிப்பை எப்போது, எப்படி வெளியிடுவது என்று குழுவாக இரண்டு மணி நேரம் பேசினோம். அடுத்து எப்போது பேசுவது என்பது மட்டும் முடிவானது.

பிப்ரவரி 4
3.0-ஐ மறித்து நிற்கும் வழுக்கள் ஒன்பது. நேற்று எட்டு.

பிப்ரவரி 7
தேதியா, தயாரானதுமா? இன்றும் அதே பேச்சு.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று நாள் குறித்துவிடலாம் என்பது க.வின் கட்சி. அன்று கையில் என்ன இருக்கிறதோ அதைக் கொடுப்போம், முடியாதது அடுத்த தடவைக்குப் போகட்டும் என்கிறார். ர. ஒப்பவில்லை. "தயாரானதும் தருவோம், டெபியன் அப்படித்தானே?" டெபியன் ஒரு லினக்ஸ் இயங்குதளம். அதன் வூடி பதிப்பு 2002 ஜூலையில் வந்தது. அடுத்த பதிப்பான சார்ஜ் வந்தது 2005 ஜூனில், ஏறக்குறைய மூன்று வருடம் கழித்து. க. இதைச் சொன்னதும் ர. இன்னொரு லினக்ஸ் தளமான உபுண்டுவை இழுத்தார். நாள் பார்த்து விடுகிறவர்கள்தானே 2006 ஏப்ரலில் வரவேண்டியதை ஜூனுக்குத் தள்ளினார்கள், வருடமும் மாதமும் சேர்ந்த பதிப்பு எண்ணே 6.06 ஆகிவிடவில்லையா என்று. இரண்டு பேர் சொல்வதும் சரி. அதனால்தான் இவ்வளவு நேரம் ஆகிறது.

எனக்குப் பிடித்தது லினக்ஸின் மையநிரலான கெர்னலின் முறை. இரண்டு வாரம் கதவு திறந்திருக்கும், புதியதெல்லாம் அதற்குள் வந்துவிட வேண்டும். பிறகு வாரத்துக்கு ஒரு ஆர்சி (சோதனைக்கு விடும் உத்தேசப் பதிப்பு), ஏழு அல்லது எட்டு. ஒன்பது பத்து வாரத்தில் ரிலீஸ். பேருந்தை விட்டவர் அடுத்ததற்கு நிற்பார், ஓட்டுநரோடு சண்டைக்குப் போகமாட்டார். எங்களிடம் அடுத்த பேருந்து எப்போது என்றே யாருக்கும் தெரியாது. அதனால் எல்லோரும் படிக்கட்டில் தொங்குகிறார்கள். போன தடவை கடைசி நாளில் மட்டும் 31 மெர்ஜ் (மாற்றங்களைச் சேர்ப்பது).

ஆனால் கெர்னலில் எழுதுகிறவர்களில் பெரும்பாலோருக்கு அது சம்பள வேலை. எங்களுக்கு இது இரவு பத்து மணிக்கு மேல். "குறித்த வாரத்தில் என் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது?" என்று ர. கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை.

பிப்ரவரி 8
மறுபடி எங்கள் 2.8.0 பதிப்பைப் பற்றிய கனவு. மணி மூன்றுக்கு எழுந்து, டேக் (நிரலில் ஒரு பதிப்பைக் குறிக்கும் பெயர்ச்சீட்டு) இருக்கிற இடத்திலேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் படுத்தேன்.

பிப்ரவரி 12
மொழிபெயர்ப்பைக் கவனிப்பவர் தனியாக எழுதியிருந்தார். அவர் கேட்பது ஒன்றுதான்: ரிலீஸுக்கு இரண்டு வாரம் முன்பிலிருந்து திரையில் தெரியும் எந்தச் சொற்றொடரையும் யாரும் தொடக்கூடாது. நாங்கள் ஒரு வாக்கியத்தில் காற்புள்ளியை நகர்த்தினாலும் அந்த வாக்கியம் எல்லா மொழிகளிலும் மறுசரிபார்ப்புக்குப் போகிறதாம். "நீங்கள் மெருகேற்றுவதாக நினைக்கிறீர்கள். எங்களுக்கு அது கடைசி இரவில் பதினொரு பேரை எழுப்புகிற வேலை" என்று எழுதியிருக்கிறார்.

நான்கு வருடமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது பழைய குறிப்புகளைத் தேடியபோதுதான் தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் "நல்ல யோசனை" என்று பதில் போட்டிருப்பது நான்.

பிப்ரவரி 13
எண் சண்டை. இது 3.0-ஆ, 2.9-ஆ? பழைய இடைமுகம் உடைகிறது என்றால் முதல் எண் ஏறவேண்டும், பதிப்பு எண்ணுக்கான விதிமுறை செம்வெர் அதைத்தான் சொல்கிறது. அதில் விவாதத்துக்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன். நாற்பது நிமிடம் இருந்தது. "உடைகிறது" என்றால் என்ன என்பதுதான் விவாதம்.

அச்சுக்கோக்கும் மென்பொருளான டெக்கின் பதிப்பு எண் ஒவ்வொரு திருத்தத்துக்கும் π-ஐ நோக்கி ஒரு இலக்கம் நீளும். 2021-இல் 3.141592653. அப்படி ஒரு நிம்மதி நமக்குக் கிடைக்காது.

பிப்ரவரி 16
எதையும் திறக்கவில்லை.

பிப்ரவரி 19
வாக்கெடுப்பு எப்படி என்பதில் வந்து நிற்கிறோம். ர.வுக்குத் தடுக்கும் உரிமை வேண்டும். யாராவது ஒருவர் −1 (எதிர்ப்பு வாக்கு) போட்டால் ரிலீஸ் நிற்க வேண்டும் என்கிறார். க. அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் விதியைக் காட்டினார். அங்கே ரிலீஸுக்குக் குறைந்தது மூன்று +1 வேண்டும், ஆதரவு எதிர்ப்பைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். தனி ஒருவரின் −1 ரிலீஸை நிறுத்தாது. நிரல் மாற்றத்தை மட்டும்தான், அதுவும் தொழில்நுட்பக் காரணம் சொல்லி, ஒருவர் தடுக்கலாம்.

"நம்மிடம் இப்போது யாருக்குத் தடுக்கும் உரிமை இருக்கிறது?" என்று ம. கேட்டார். சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது, அதனால் கேட்கத் துணிந்தார். யாருக்கும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

ரிலீஸ் அசல் என்று முத்திரையிடும் கையொப்பச் சாவி என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

பிப்ரவரி 20
சாவியைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

பிப்ரவரி 23
பேசிவிட்டார்கள். க.தான் ஆரம்பித்தார், மிகவும் மென்மையாக. அந்த மென்மைதான் எனக்குப் பிடிக்கவில்லை.

கோப்புகளைச் சுருக்கும் மென்பொருளான எக்ஸ்இசட்டின் விவகாரத்தை எடுத்தார். 2024 மார்ச் 29 அன்று வெளியே தெரிந்தது. 5.6.0, 5.6.1 இரண்டிலும் பின்கதவு. அதை உயிர்ப்பிக்கும் துண்டு நிரல் இருக்கும் கிட் களஞ்சியத்தில் கிடையாது, ரிலீஸ் டார்பாலுக்குள் (வெளியிடும் பொதிக் கோப்பு) மட்டும் வைத்திருந்தார்கள். அதனால் களஞ்சியத்தை வரிவரியாகப் படித்திருந்தாலும் அது கண்ணில் பட்டிருக்காது. உள்நுழைய அரை வினாடி கூடுதலாக ஆகிறதே என்று ஒருவர் துருவியதில்தான் பிடிபட்டது. "நம் டார்பால் உங்கள் மடிக்கணினியில் தயாராகிறது. அதில் என்ன இருக்கிறது என்று எங்களில் யாராலும் சொல்ல முடியாது" என்றார் க.

ஒன்பது வருடம். அழைப்பைத் துண்டித்துவிட்டேன். இணைப்புக் கோளாறு என்று பிறகு எழுதினேன். பொய்.

இரவு முழுக்க அதே யோசனை. எக்ஸ்இசட்டையும் ஒருவர்தான் வருடக்கணக்கில் தனியாகச் சுமந்தார். வேகம் போதவில்லை, வேறு ஆளைச் சேர்த்துக்கொள் என்று முன்பின் தெரியாத கணக்குகள் நெருக்கின. சேர்த்துக்கொண்டார். ஆகவே கொடுக்காமல் இருப்பதுதான் பத்திரம் என்று ஒரு பக்க மனம் வாதாடுகிறது. அவர் தனியாகச் சுமந்ததால்தான் அந்த நெருக்கலே வேலை செய்தது என்கிறது இன்னொரு பக்கம். ம.வை எனக்கு எட்டு மாதமாகத் தெரியும். முகம் பார்த்ததில்லை.

பிப்ரவரி 24
2.8.0-ஐப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

நள்ளிரவு தாண்டிய நேரம், கண் சொருக, நான் கட்டிய டார்பாலில் மொழிபெயர்ப்புக் கோப்புறை இல்லை. ஏற்றிய பிறகு பார்த்தேன். பைபிஐ-இல் (பைத்தான் பொதிகளின் பொதுக் கிடங்கு) அழித்துவிட்டு அதே பெயரில் மறுபடி ஏற்றப் போனால் ஏற்காது. ஒருமுறை பயன்பட்ட கோப்புப் பெயர் அழித்தாலும் திரும்பாது. அது நல்ல விதிதான். அதை மதித்து 2.8.1 போட்டிருக்கலாம். நான் வெட்கப்பட்டு, எங்கள் சொந்தத் தளத்தில் மட்டும் கோப்பை மாற்றி, டேக்கையும் நகர்த்திவிட்டேன். கிட்டின் கையேட்டிலேயே இருக்கிறது: மற்றவர்கள் பார்த்துவிட்ட டேக்கை மாற்றாதே, தவறை ஒப்புக்கொண்டு வேறு பெயர் வை. படித்திருக்கிறேன். இருந்தும் செய்தேன். ஒரே எண்ணில் இரண்டு பொருள் உலவியது. சரிபார்ப்புத் தொகை (கோப்பு மாறியதா என்று காட்டும் எண்) பொருந்தவில்லை என்று வந்த வழு அறிக்கையை "உங்கள் பக்கம் தரவிறக்கத்தில் கோளாறு" என்று மூடியதும் நான்தான்.

ர. சிரித்தார். அந்த அறிக்கையைப் போட்டது அவராம். வேறொரு கணக்கிலிருந்து.

பிப்ரவரி 27
விதிகள் எழுதியாயிற்று, ஒன்றரைப் பக்கம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஆனால் நாள் அல்ல, வாரம். ஒவ்வொரு தடவையும் ரிலீஸ் பார்ப்பவர் வேறு ஆள், கூட ஒரு மாற்று ஆள் (ர.வின் பிள்ளைக்காக). சொற்றொடர் உறைநிலை இரண்டு வாரம். மூன்று +1. டார்பாலை இரண்டு பேர் தனித்தனியாகக் கட்டி, பைட்டுக்குப் பைட்டு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். சாவியை யாரும் யாருக்கும் கொடுக்கப் போவதில்லை. அவரவர் சாவி அவரவருக்கு, ஏற்கப்பட்ட சாவிகளின் பட்டியலில் மூன்று பேர். இவ்வளவு எளிதாக இருந்தது.

மறிக்கும் வழு எது என்பதை ரிலீஸ் பார்ப்பவர் முடிவு செய்வார். இந்த ஒரு வரிக்கு மட்டும் ஒரு மணி நேரம்.

மார்ச் 2
விதிகளை எழுதி 72 மணி நேரம் ஆயிற்று. எதிர்ப்பு இல்லை. ர. +0 (தடுக்கமாட்டேன்) போட்டிருக்கிறார். அவரிடமிருந்து அது பெரிய விஷயம்.

மார்ச் 5
ஆர்சி 1. போட்டது ம. எனக்கு வேலை இல்லை. ஆறு முறை எட்டிப் பார்த்தேன்.

மார்ச் 6
இரண்டு டார்பாலும் ஒத்துப்போகவில்லை. கோப்புகளுக்குள் நேரம் பதிவாகிறது. ஒன்பது வருடமாக அப்படித்தான் இருந்திருக்கும், இரண்டாவது ஆள் கட்டியதே இல்லையே.

மார்ச் 9
இரவு ம. கேட்டார்: ஏழாவது படிக்கும் எட்டாவதுக்கும் நடுவே ஏதோ விட்டுப்போயிருக்கிறதா? ஆமாம். பழைய கட்டமைப்புக் கோப்புறையை அழிக்க வேண்டும். செய்முறையில் அது இல்லை. கை தானாகச் செய்கிற வேலை, எழுதத் தோன்றவே இல்லை. 2.8.0 அன்று அதைச் செய்தேனா?

இன்னும் எத்தனை படிகள் என் கையில் மட்டும் இருக்கின்றனவோ.

மார்ச் 10
மறிக்கும் வழு ஒன்று. ர. சொன்னது, ம. ஏற்றுக்கொண்டது. நான் ஏற்றிருக்கமாட்டேன். சொல்லவில்லை.

மார்ச் 14
ஆர்சி 2-இல் புதிதாக எதுவும் இல்லை. +1, +1, +1. ர.வும்.

மார்ச் 16
மாலை ஏழுக்கு டேக் என்று ம. சொல்லியிருந்தார். இப்போது ஏழு இருபது. எழுதிக் கேட்கலாமா என்று