நாளைக்கு வரணுமா, அக்கா?

2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது எங்கள் அலுவலகத்தில் பெரிய குழப்பம் இல்லை. எல்லாரும் வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். குழப்பம் தொடங்கியது தளர்வுகள் வர ஆரம்பித்த பிறகு.

மணப்பாறையில் இருக்கும் சிறிய தொண்டு நிறுவனம் எங்களுடையது. மகளிர் குழுக்கள், பிள்ளைகளுக்கான மாலை நேர மையங்கள் என்று முப்பது பேருக்கு மேல் வேலை செய்கிறோம். என் பொறுப்பு நிர்வாகம். சம்பளம், விடுப்பு, பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), பெட்ரோல் பில் எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும்.

ஜூன் 1 முதல் தமிழ்நாட்டின் 37 மாவட்டங்களை 8 மண்டலங்களாகப் பிரித்தார்கள். மண்டலத்துக்குள் போக இ-பாஸ், அதாவது இணையத்தில் வாங்கும் பயண அனுமதி, வேண்டாம். மண்டலம் தாண்டினால் வேண்டும். டிவியில் கேட்க எளிமையாகத்தான் இருந்தது. ஆனால் மணப்பாறை மூன்று மாவட்டங்கள் ஒட்டுகிற இடம். திருச்சி மாவட்டம் 4ஆவது மண்டலம். பக்கத்தில் இருக்கும் அய்யலூர் திண்டுக்கல் மாவட்டம், அது 5. தோகைமலை கரூர் மாவட்டம், அது கோயம்புத்தூரோடு சேர்ந்து 1. ஆக, இங்கிருந்து அதே 4ஆவது மண்டலத்தில் இருக்கும் தஞ்சாவூருக்கு இ-பாஸ் இல்லாமல் போகலாம். தினமும் வேலைக்கு வந்துபோகிற அய்யலூர்க்காரர் வர முடியாது. மாவட்ட எல்லை எங்கே இருக்கிறது என்று அதுவரை எங்களில் யாரும் யோசித்துப் பார்த்ததில்லை.

ராத்திரிச் செய்தி முடிந்ததும் போன் வரத் தொடங்கும். "நாளைக்கு வரணுமா, அக்கா? எல்லையில போலீஸ் நிக்குதாம்." அரசாணையின் பிடிஎஃப் அதற்கு முன்பே எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்திருக்கும். ஒன்றல்ல, நாலு பேர் நாலு தடவை அனுப்பியிருப்பார்கள். போன மாதத்து ஆணை ஒன்றும் அதில் கலந்திருக்கும். தகவலுக்குப் பஞ்சமே இல்லை. அந்த ஆணைப்படி நாளைக் காலை தன் வீட்டிலிருந்து கிளம்பலாமா கூடாதா என்பதை யாராவது ஒருவர் படித்துச் சொல்ல வேண்டும், அதுதான் இல்லாமல் இருந்தது.

அதனால் தினமும் சாயங்காலம் என் குரலிலேயே ஒரு சின்னப் பதிவு அனுப்ப ஆரம்பித்தேன். யார் வரலாம், எப்படி வரலாம், யார் வர வேண்டாம். அவ்வளவுதான், வேறு உபதேசம் கிடையாது. எழுதி அனுப்பினால் பாதிப் பேர் படிப்பதில்லை. குரல் என்றால் சமைத்துக்கொண்டே கேட்டுவிடுவார்கள். சமையல் பார்க்கும் அம்மாவிடமும் வாட்ச்மேன் ஐயாவிடமும் ஸ்மார்ட்போன் இல்லை, அவர்களுக்குத் தனியாகப் போன். புதிதாக ஒன்றும் இல்லாத நாளில்கூட "இன்னைக்கு மாற்றம் ஏதும் இல்ல" என்று அனுப்பிவிடுவேன். அனுப்பாமல் விட்டால் ஆபீஸை மூடப்போகிறார்கள் என்று எங்கிருந்தோ ஒரு பேச்சு கிளம்பிவிடும். ஜூலையில் பஸ்ஸை மறுபடி நிறுத்தினார்கள். செப்டம்பர் 1 முதல் மாநிலத்துக்குள் இ-பாஸ் வேண்டாம் என்றார்கள்; மாவட்டம் விட்டு மாவட்டம் பஸ் ஓட 7ஆம் தேதி ஆயிற்று. அதுவரை சாயங்காலப் பதிவு ஓடியது.

யார் வர வேண்டாம் என்று முடிவு செய்வதுதான் கஷ்டமாக இருந்தது. சர்க்கரை, ரத்த அழுத்தம், கர்ப்பம், வீட்டில் வயதானவர்கள் என்று ஒரு படிவம் கொடுத்தோம். திரும்பி வந்த படிவங்களைப் பார்த்தால் எங்கள் ஆட்களைப்போல ஆரோக்கியமானவர்கள் இந்த ஜில்லாவிலேயே இல்லை! எல்லாவற்றிலும் 'இல்லை'. சர்க்கரை இருக்கிறது என்று எழுதினால் வேலை போய்விடும் என்ற பயம்தான். வராத நாளுக்குச் சம்பளம் பிடிக்க மாட்டோம் என்று செயலாளர் கையெழுத்துப் போட்ட தாளைக் குழுவில் போட்ட பிறகுதான், ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டபோது உண்மை வந்தது. வருஷக்கணக்காகப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த ஒருவர் இன்சுலின் போடுகிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

முகக்கவசம், கிருமிநாசினி, மளிகைத் தொகுப்பு எல்லாம் எங்கள் கிடங்கில் மூட்டை மூட்டையாக இருந்தன. ஆனால் அவை பயனாளிகளுக்கு. அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிற களப்பணியாளருக்கு ஒரு முகக்கவசம் எடுத்துக் கொடுத்தால் கணக்கில் இடிக்கும். நன்கொடையாளர் படிவத்தில் பயனாளிக்குக் கொடுத்தால் அது திட்டச் செலவு, பணியாளருக்குக் கொடுத்தால் நிர்வாகச் செலவு. நிர்வாகச் செலவு என்றாலே கொடுப்பவர்களுக்கு முகம் மாறும். ஊரில் அரிசி கொடுத்துவிட்டு வருகிற பெண்ணின் வீட்டில் கணவருக்கு மூன்று மாதமாக வேலை இல்லை. அவளுக்கு அந்த அரிசியில் ஒரு பை கொடுக்க எங்களுக்கு அனுமதி இல்லை. உள்ளூர் நண்பர்களிடம் தனியாக வசூல் செய்துதான் பணியாளர்களுக்கு வாங்கினோம்.

2020 செப்டம்பரில் வெளிநாட்டு நிதிச் சட்டத்தைத் திருத்தினார்கள். நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. வெளிநாட்டுப் பணம் எல்லாம் டெல்லியில் இருக்கும் ஸ்டேட் வங்கியின் ஒரு கிளை வழியாகத்தான் வர வேண்டும் என்றும் வந்தது. அந்தக் கணக்கு திறந்து முடியும்வரை அடுத்த தவணை எப்போது வரும் என்று எங்களுக்கே தெரியாது. இதையும் பணியாளர்களிடம் சொல்ல வேண்டுமா என்று ஆபீஸில் பெரிய வாக்குவாதம். சொன்னால் பயந்துவிடுவார்கள் என்றார்கள் சிலர். வாடகை கட்டுகிறவர்களுக்கு, பள்ளிக் கட்டணம் கட்டுகிறவர்களுக்கு, கையில் எத்தனை மாதச் சம்பளத்துக்குப் பணம் இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும் என்பது என் கட்சி. கடைசியில் சொன்னோம். இருவர் வேறு வேலை தேடிக்கொண்டு போனார்கள். அது அவர்கள் உரிமை. மற்றவர்கள் இருந்தார்கள்.

பிஎஃப் தனிக் கதை. 100 பேருக்குள் வேலை செய்கிற, பெரும்பாலோர் 15,000 ரூபாய்க்குக் குறைவாக வாங்குகிற நிறுவனங்களுக்கு, தொழிலாளி பங்கு, நிறுவனப் பங்கு இரண்டையும் சேர்த்து 24 சதவீதத்தை மத்திய அரசே 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை கட்டியது. எங்களுக்கு அது பெரிய உதவி. மாதம் முடிந்து கைக்கு வருகிற சம்பளம் கொஞ்சம் கூடியது. கொரோனாவுக்காகப் பிஎஃப் முன்பணம் எடுக்கவும் வழி செய்திருந்தார்கள். மூன்று மாதச் சம்பளம் அல்லது இருப்பில் 75 சதவீதம், எது குறைவோ அது. விண்ணப்பிக்கப் போனால் இனிஷியல் தகராறு. ஆதாரில் பெயருக்குப் பின்னால் இனிஷியல், பிஎஃப் கணக்கில் அப்பா பெயர் முழுசாக. இந்தச் சின்ன வித்தியாசத்துக்கே கணினி திருப்பி அனுப்பிவிடும். லேப்டாப்பும் பணியாளரும் நானுமாக உட்கார்ந்து திருத்திய சாயங்காலங்கள் நிறைய. ஆனாலும் அதை நிவாரணம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. விதைநெல்லை எடுத்துச் சோறாக்கிக்கொள்ள அனுமதி கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

2021 இரண்டாம் அலையைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. எங்கள் குழுவில் பலர் வீட்டில் சாவு விழுந்தது. தடுப்பூசியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். காவல், வருவாய், தூய்மைப் பணியாளர்கள் எல்லாம் முன்னுரிமையாக ஊசி போடும் முன்களப் பணியாளர் பட்டியலில் இருந்தார்கள். வீடு வீடாக ஏறி இறங்கும் எங்கள் ஆட்கள் அதில் இல்லை. வயது முறை வரும்வரை காத்திருந்தோம். ஏப்ரல் 1 முதல் 45 வயதுக்கு மேல் எல்லாருக்கும் என்றார்கள். அதற்குள் நடிகர் விவேக் தடுப்பூசி போட்டுக்கொண்ட இரண்டாவது நாள், ஏப்ரல் 17 அன்று இறந்துபோனார். ஊசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று மருத்துவர்கள் சொன்னதை யார் கேட்டார்கள்? ஊரைச் சம்மதிக்க வைக்க வேண்டிய எங்கள் ஆட்களே தயங்கினார்கள். தாள் அடித்துக் கொடுத்தோம், வீடியோ அனுப்பினோம், பலனில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் ஒருவர் வந்து, தரையில் எங்களோடு உட்கார்ந்து, கேட்ட கேள்விக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். மாதவிடாய் நாளில் போடலாமா என்பதுவரை கேட்டார்கள். அந்த வாரமே ஐந்தாறு பேர் போய்ப் போட்டுக்கொண்டார்கள்.

அந்த ஜூனில் தளர்வு வந்தபோது தொற்றின் அளவைப் பொறுத்து மாவட்டங்களை மூன்று வகையாகப் பிரித்தார்கள். திருச்சியும் திண்டுக்கல்லும் இரண்டாம் வகை, கரூர் முதல் வகை. எங்களுக்கு 28ஆம் தேதி பஸ் வந்தது, தோகைமலைக்காரர்களுக்கு ஜூலை 5. சாயங்காலப் பதிவு மறுபடி தொடங்கியது.

இதற்கிடையே மே 8 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்று ஆகியிருந்தது. 10ஆம் தேதியே முழு ஊரடங்கு வந்துவிட்டதால் பஸ் மறுபடி ஓடிய பிறகுதான் எங்கள் பெண்கள் அதை அனுபவித்தார்கள். உடனே கணக்குப் பிரிவிலிருந்து ஒரு யோசனை: பயணப்படியைக் குறைத்துவிடலாமே? எங்கள் பெண்கள் வேலைக்குப் போகிற கிராமங்களுக்கு டவுன் பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நடுவில் ஷேர் ஆட்டோதான். அதை எழுதிக் கொடுத்து நிறுத்தினேன்.

அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் 'பணியாளர் பாதுகாப்பு' என்று ஒரு வரி சேர்த்து, அதைத் திட்டச் செலவின் கீழேயே காட்டினோம். ஒரு நன்கொடையாளர் ஒரு வார்த்தை கேட்காமல் ஒப்புக்கொண்டார். இன்னொருவர் இது நிர்வாகச் செலவில்தானே வரும் என்று ஆண்டுக்கு ஒருமுறை கேட்கிறார். நாங்களும் ஆண்டுக்கு ஒருமுறை விளக்கம் அனுப்புகிறோம்.