முஸ்கதே: குளிர் தணியத் தணிய

ஒயின் சுவைக்கும் குறிப்பேட்டில் இந்த வாரம் முஸ்கதே. பிரான்சின் லுவார் ஆறு கடலை நெருங்கும் இடத்தில், நாந்த் நகரைச் சுற்றி விளையும் இனிப்பற்ற வெள்ளை ஒயின். பிரித்தானி (Brittany) என்னும் பகுதியின் கோமகன்கள் கோட்டை கட்டி ஆண்ட ஊர் நாந்த். ஒயினுக்கு அந்த மிடுக்கு கிடையாது. 10 யூரோவுக்குள் நல்ல புட்டியே கிடைக்கிறது.

லேபிளில் ‘செவ்ர் எ மேன்’ (முஸ்கதே விளையும் ஓர் உட்பகுதி), ‘சூர் லீ’ (வண்டல்மேல்) இரண்டும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்கினேன். பின்னதுதான் முக்கியம். நொதித்தபின் அடியில் படியும் ஈஸ்ட் வண்டலைப் பிரிக்காமல், குளிர்காலம் முழுவதும் ஒயினை அதன்மேலேயே வைத்திருந்து, அங்கிருந்தே நேராகப் புட்டியில் அடைப்பார்கள். மெலோன் த பூர்கோஞ் என்னும் இந்தத் திராட்சைக்கு வாசனை குறைவு. 1709 கடுங்குளிரில் பழைய கொடிகள் பட்டுப்போக, குளிர் தாங்கும் இதைப் பரவலாக நட்டார்கள். காய்ச்சி வடிக்க ஒயின் தேடிய டச்சு வணிகர்களுக்கும் சாதுவான சரக்கே போதுமாயிருந்தது. அந்தச் சாதுவுக்குச் சதைப்பிடிப்பைக் கொடுப்பது வண்டல்.

குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஊற்றியதில் எலுமிச்சைப் புளிப்பு, நாக்கு நுனியில் லேசான குறுகுறுப்பு (வண்டலோடு இருந்ததில் தங்கிய கரியமில வாயு), அவ்வளவே. மூக்குக்கு ஒன்றும் எட்டவில்லை. பாதிக் கோப்பையை மேசையில் விட்டுவைத்தேன். 10 டிகிரியைத் தாண்டியதும் பச்சை ஆப்பிள் வந்தது. அதன் பின்னால், ஆப்பமாவு பொங்கும்போது வருமே, அந்தப் புளித்த மணம். வாயில் மெல்லிய வழவழப்பு, கடைசியில் உப்புக் கரித்தாற்போல ஒரு முடிவு. விலை குறைந்த வெள்ளை ஒயினை உறையும் குளிரில் கொடு என்ற அறிவுரை குறையுள்ள ஒயினுக்குச் சரி. இதை அப்படிக் குடித்தால் கொடுத்த காசில் பாதி வீண்.

துணைக்குச் சமைக்காத சிப்பி. எதுவும் பிழியாமல் தின்றபோது ஒயினே எலுமிச்சையின் வேலையைச் செய்தது. வெங்காயம் ஊறிய வினிகரைச் சிப்பியில் விட்டதும் ஒயின் தண்ணீராகிவிட்டது. வினிகர் விட்டே சிப்பி தின்னும் ஊர்க்காரர்கள் சண்டைக்கு வந்தாலும் என் தீர்ப்பு இதுதான். ஆட்டுப்பால் சீஸோடு பரவாயில்லை, அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

மறுநாள் குறுகுறுப்பு போய்விட்டது, வழவழப்பு மட்டும் மிஞ்சியிருந்தது. அடுத்து, முஸ்கதேயிலேயே ஊர்ப்பெயரோடு வரும் கிளிசோன் வாங்க வேண்டும்: கிரானைட் மண், வண்டல்மேல் நெடுநாள் இருப்பு, விலையும் கூடுதல். இந்தப் புட்டியில் மிச்சமிருந்ததை மட்டி வேகவைத்த சட்டியில் ஊற்றிவிட்டேன்.