விரியும் விளிம்பு: காலுறைக்குக் கண்ணி போட்டுப் பார்த்த அனுபவம்

மேலிருந்து பாதத்தை நோக்கிப் பின்னும் காலுறையில், முதலில் ஊசியில் போடும் கண்ணிகளே, அதாவது நூல் வளையங்களே, வாய் விளிம்பாக அமைகின்றன. என் கணுக்காலின் சுற்றளவு 22 செ.மீ. மட்டுமே, ஆனால் குதிகாலையும் பாதத்தின் மேற்புறத்தையும் சேர்த்துச் சுற்றி அளந்தால் 30 செ.மீ. வருகிறது. அந்த அகலத்துக்கு விரிந்து குதிகாலைத் தாண்டிய விளிம்பு, மேலே போனதும் சுருங்கிக் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நூலின் நுனிப் பக்கமான வால் நூலை நீளமாக விட்டுப் போடும் வழக்கமான காஸ்ட் ஆனில் (முதல் கண்ணிகளைப் போடும் முறையில்), ரிப் எனப்படும் வரிவரியான பின்னல் தாராளமாக விரிந்தாலும் விளிம்பு இடம் கொடுப்பதில்லை. ஆகவே, ஜெர்மன் ட்விஸ்டட் என்றும் பழைய நார்வே முறை என்றும் வழங்கும் காஸ்ட் ஆனைப் பழகத் தொடங்கினேன்.

விளிம்பு இறுகுகிறது என்று சொன்னால், பெரிய ஊசியில் கண்ணி போடும்படிதான் பலரும் அறிவுரை கூறுவார்கள். வழக்கமான முறையில் ஊசியின் மேல் உட்காரும் கண்ணிகள் ஆள்காட்டி விரலில் உள்ள உருண்டை நூலால், அதாவது நூலுருண்டையிலிருந்து வரும் நூலால் ஆனவை. அவற்றின் அடியில் வரிசையாக ஓடும் விளிம்போ கட்டை விரலில் உள்ள வால் நூலால் ஆனது. ஊசி பருமனானால் மேலே உள்ள கண்ணிகள்தாம் பெரிதாகித் தொளதொளக்கின்றன. ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் இடையே அடியில் ஓடும் நூலின் நீளம் ஏறக்குறைய அப்படியே இருந்துவிடுகிறது. விளிம்பு விரிய வேண்டுமானால் அந்த அடி நூல்தான் கூட வேண்டும்.

இதைச் சரிபார்க்க, நான்கு இழைக் காலுறைக் கம்பளி நூலில், 2.5 மி.மீ. ஊசியில், 24 கண்ணிகள் கொண்ட மாதிரித் துண்டுகளை ஒரு நிட் (நேர்க் கண்ணி), ஒரு பர்ல் (புரட்டுக் கண்ணி) என்று மாறி மாறி வரும் ரிப்பில் பின்னி, அளவுகோலின் மேல் இழுத்துப் பிடித்து அளந்தேன். வழக்கமான முறையில் விளிம்பு 9 செ.மீ. வரை விரிந்தது. கண்ணிகளை மட்டும் 4 மி.மீ. ஊசியில் போட்ட துண்டு 9.5 செ.மீ. தந்தது, அதன் முதல் வரிசை பார்க்கவும் சகிக்கவில்லை. அதே 2.5 மி.மீ. ஊசியில் கண்ணிகளைச் சற்று இடைவெளி விட்டுப் போட்டபோது 11 செ.மீ. கிடைத்தது. ஜெர்மன் முறையில் 12 செ.மீ. வந்தது. காலுறைக்குரிய 64 கண்ணிகளுக்குக் கணக்கிட்டால் முதல் துண்டு 24 செ.மீ.யிலேயே நின்றுவிடும், கடைசித் துண்டு 32 செ.மீ. வரை போகும்.

இனிக் கையின் வேலை. வால் நூல் கட்டை விரலிலும் உருண்டை நூல் ஆள்காட்டி விரலிலும் சுற்றியிருக்க, இரண்டையும் மற்ற மூன்று விரல்களால் உள்ளங்கையோடு பிடித்துக்கொள்ள வேண்டும்; இதுவரை வழக்கமான முறைதான். அடுத்து, ஊசியைக் கட்டை விரலில் உள்ள இரண்டு இழைகளுக்கும் அடியில் செலுத்தி, அப்பால் உள்ள இழையின் மேலாக வளைத்து, வளையத்தின் நடுவே இறக்கி, நம் பக்கமாக மேலே கொண்டுவர வேண்டும். அப்போது கட்டை விரலுக்கும் ஊசிக்கும் இடையே இழைகள் ஒன்றையொன்று குறுக்கிட்டு நிற்கும். ஆள்காட்டி விரலின் நூலை ஊசி முனையால் கோத்துக்கொண்டு திரும்பும்போது கட்டை விரலின் நுனியை அப்பால் மடக்கினால், குறுக்கீடு நகர்ந்து ஊசியருகே சிறு வாசல் திறக்கிறது. ஊசி அதன் வழியே இறங்கி வெளியே வந்ததும் கட்டை விரலை விடுவித்து, வால் நூலை இழுத்துவிட வேண்டும். வேகம் என்பது இந்த மடக்கலில்தான் இருக்கிறது. விரல் அதைத் தானாகச் செய்யத் தொடங்கிய பிறகு, வழக்கமான முறைக்கும் இதற்கும் நேரத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

கண்ணிதோறும் விழும் அந்தக் கூடுதல் முறுக்கே விரிவுக்குத் தேவையான நூலைத் தன்னிடம் வைத்திருக்கிறது. எனவே வால் நூலும் கூடுதலாகச் செலவாகும். வழக்கமான அளவைப் போல் ஒன்றரை மடங்கு விட்டுக்கொள்கிறேன். கண்ணிகள் மிகுந்த வேலையாயின் வால் நூலுக்கும் தனி உருண்டை வைத்து, இரண்டு உருண்டைகளின் நூல்களையும் சேர்த்து ஒரே முடிச்சிட்டுத் தொடங்கலாம், நூல் பற்றாமல் போகாது. ஆனால் முடிவில் மறைக்க வேண்டிய நுனிகள் கூடும், எனக்கு அது பிடிக்காத வேலை.

நூலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த முறை விளிம்பு விரிய இடம் தருமே தவிர, மீண்டும் சுருங்குவது நூலின் குணத்தைப் பொறுத்தது. கம்பளி சுருங்கிவிடும், பருத்தி நூலில் போட்ட துண்டு இழுத்த இழுப்பிலேயே தங்கிவிட்டது. கடைகளில் உல்லன் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் அக்ரிலிக் நூல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

விரல் நுனியிலிருந்து மேல்நோக்கிப் பின்னும் காலுறையில் வாய் விளிம்பு கடைசியில் வருவதால், அங்கே கண்ணிகளை முடிக்கும் முறை விரிந்து கொடுக்க வேண்டும். நிட்டி என்ற இணைய இதழில் 2009-இல் வெளியான ஜெனி என்பவரின் பைண்ட் ஆஃப் (கண்ணிகளை முடிக்கும் முறை) அதற்கு மிகவும் பெயர்பெற்றது. அதில் ஒவ்வொரு கண்ணிக்கும் முன்னால் ஊசியின் மேல் நூலை ஒரு சுற்றுச் சுற்றி, அந்தச் சுற்றைக் கண்ணியின் மேலாகத் தூக்கிப் போட்ட பிறகே கண்ணியை முடிக்கிறார்கள். இங்கும் கண்ணிதோறும் சிறிது நூல் கூடுவதே விரிவுக்குக் காரணம். அடுத்த இணையை அப்படித்தான் கீழிருந்து தொடங்கியிருக்கிறேன். இப்போது குதிகால் திருப்பத்தில் நிற்கிறது.